ஒரே குளத்தில் பல மீன்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வவுனியாவில் எங்கள் ஊர்க் குளத்தில் விரால், கெளுத்தி, கெண்டை, திலாப்பியா எல்லாம் சேர்ந்தே வாழ்கின்றன. இங்கே கொழும்பின் பேரை வாவியிலோ என் கண்ணில் படுவது திலாப்பியா மட்டுமே. ஒரே நீரில், ஒரே இரைக்குப் போட்டியிடும் மீன்களில் ஒன்று மற்றதை ஒழித்துவிடாதது எப்படி? (வாசகர், கொம்பனித்தெரு)

பதில்: அவை ஒரே இரைக்குப் போட்டியிடுகின்றன என்பதே முதலில் ஐயத்துக்குரியது. விரால் கரையோரப் பூண்டுகளுக்குள் பதுங்கிச் சிறுமீனையும் தவளையையும் பிடிக்கும். கெளுத்தி பெரும்பாலும் இரவில் வெளிவந்து மீசையால் அடிச்சேற்றைத் துழாவும். சிறு கெண்டைகளுள் சில மேற்பரப்பில் விழும் பூச்சிகளையும், சில மிதக்கும் நுண்பாசியையும் உண்கின்றன.

ஆனால் இவ்விருப்பங்கள் அனைத்தும் பிறவியிலேயே வரையறுக்கப்பட்டவை என்று கொள்வது தவறு. எர்ல் வெர்னர், டொனால்ட் ஹால் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் சன்ஃபிஷ் என்னும் வட அமெரிக்க நன்னீர் மீன் குடும்பத்தில் மூன்று இனங்களைச் சிறு குளங்களில் தனித்தனியாகவும் ஒன்றாகவும் வளர்த்து, 1976இல் முடிவை வெளியிட்டனர். தனித்து விடப்பட்டபோது மூன்றுமே நீர்ப்பூண்டுகளிடையே இருந்த பெரிய இரையையே நாடின. ஒன்றாக விடப்பட்டபோதோ ஓரினம் பூண்டுகளைத் தன்வசம் வைத்துக்கொள்ள, மற்றொன்று அடித்தரைக்கும் இன்னொன்று திறந்த நீருக்கும் ஒதுங்கின. ஆகவே ஒரு மீனின் இரைப்பையைப் பிளந்து பார்த்து 'இதுதான் இதன் உணவு' என்று எழுதிவிடுவது பாதி உண்மைதான். மற்ற மீன்கள் விட்டுவைத்ததை அது தின்றிருக்கவும் கூடும்.

வேட்டைமீனும் இடத்தைத் தீர்மானிக்கிறது. அதே குடும்பத்துச் சிறுமீன்கள், தம்மை விழுங்கவல்ல பாஸ் மீன் இருக்கும் குளத்தில், இரை குறைவென்றாலும் பூண்டுகளுக்குள்ளேயே தங்கி, அதனால் மெதுவாகவே வளர்ந்தன.

கேள்வி: அப்படியானால் வெளிநாட்டிலிருந்து வந்த திலாப்பியாவுக்கு இங்கே இடம் கிடைத்தது எவ்வாறு? (அதே வாசகர்)

பதில்: இலங்கையில் இயற்கையான பெரிய ஏரிகள் இல்லை, பேரை வாவி உட்பட நாம் பார்ப்பவை மனிதர் அமைத்தவை. அவற்றில் குடியேறிய உள்ளூர் மீன்கள் பெரும்பாலும் ஆற்றுக்கும் சதுப்புக்கும் உரியவை என்பதால், கரையோரத்தையே நாடின. 1950களின் தொடக்கத்தில் மொசாம்பிக் திலாப்பியா குளங்களில் விடப்பட்டபோது, திறந்த நீரில் அதனை எதிர்ப்பவை அதிகம் இருக்கவில்லை. அத்துடன், திலாப்பியாக்களின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. பல மீன்களால் சமிக்க முடியாத நீலப்பச்சைப் பாசியின் உயிரணுச் சுவரை அது சிதைத்துவிடும். பேரை வாவியைப் பச்சையாக்கும் இந்த நுண்ணுயிர்களே திலாப்பியாவுக்கு உணவாகின்றன என்றால், அங்கே அது பெருகியிருப்பதில் வியப்பில்லை.

எனினும் திலாப்பியாவால் எவருக்கும் இடையூறில்லை என்று நான் சொல்லமாட்டேன். அதன் குஞ்சுகள் மிதக்கும் நுண்விலங்குகளை உண்டு, அந்தப் பருவத்தில் சிறு கெண்டைகளோடு ஒரே இரையைத் தேடுகின்றன. வளர்ந்த பிறகே பாசிக்கும் அடிமட்ட மக்கலுக்கும் மாறுகின்றன. போட்டி இருக்கிறதா என்று அறிய, பெரிய மீனைவிடக் குஞ்சுகளைத்தான் கவனிக்க வேண்டும்.