ரத்தக் கொதிப்பு இருந்தால் நுண்ணிய ரத்தக் குழாய்களின் வளர்ச்சி என்ன ஆகும்?

தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களை நுண்குழாய்கள் என்கிறோம். திசுக்களுக்கு ஆக்சிஜன் கொடுப்பவை இவைதான். இவற்றுக்கு மடை போல இருப்பவை சிறு தமனிகள். அழுத்தம் 140/90-க்கு மேலேயே நீடித்தால், அதைத் தாங்க அந்தத் தமனிகளின் சுவர் தடிக்கும், உள்வழி குறுகும். அப்புறம் ரத்தம் சரியாக வராத நுண்குழாய்கள் சில மூடி, மறைந்தே போகும். புதியவை முளைப்பதும் மந்தமாகும்.

தாமிரபரணியில் வெள்ளமே போனாலும், கன்னடியன் கால்வாயிலிருந்து பிரியும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடை வயல் காயும்தானே? அதே கதைதான். வழி குறையக் குறைய இதயம் இன்னும் அழுத்தித் தள்ளும், கொதிப்பு மேலும் ஏறும். இந்தச் சுழல்தான் பயமாக இருக்கிறது. விழித்திரையும் சிறுநீரகமும் இதில் அதிகம் அடிபடும்.

“தலை சுத்தல, அப்போ பிரஷர் இல்ல” என்று நம்ம பக்கம் பலர் நம்புகிறார்கள்; பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாமலேதான் இதெல்லாம் நடக்கிறது.