அமிர்தியில் விழுந்தபின் எண்ணெய் கசியும் முன் ஃபோர்க்: சீல் மட்டும் மாற்றினால் போதுமா?

வணக்கம். அமிர்திப் பாதையில் விழுந்தபின் உங்கள் மலைச் சைக்கிளின் அதிர்வு தாங்கும் முன் ஃபோர்க்கின் இடக்காலில் எண்ணெய் கசிவதாகவும், அழுத்தினால் தயங்கித் தயங்கியே மேலெழுவதாகவும் எழுதி, சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

எண்ணெயைவிட அந்தத் தயக்கமே எனக்குக் கவலை தருகிறது. ஃபோர்க் மேலெழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகு இடம் மாறவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, முன் சக்கரத்தைக் கழற்றிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். இரு கால்களும் ஒரே கோட்டில் நிற்காவிட்டாலோ, அச்சு எளிதில் நுழையாவிட்டாலோ, ஃபோர்க் காலின் வழுவழுப்பான மேல்குழாய் வளைந்திருக்கிறது என்று கொள்ளலாம். லேத் பட்டறையில் நிமிர்த்தித் தருவதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த உலோகம், ஏலகிரியின் 14 வளைவுகளில் பிரேக் பிடித்தபடி இறங்கும்போது சொல்லாமல் முறியக்கூடும்.

வளைவு இல்லையெனில், குழாயைத் துடைத்து நகத்தை மேலும் கீழுமாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கும் கீறல் சீல் உரசும் பகுதியில் இருந்தால், புதுச் சீலையும் அது விரைவில் கிழித்துவிடும். சிறு கீறலாயின், மேடான ஓரத்தை மட்டும் 2000 எண் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மெல்லத் தேய்த்து, பள்ளத்தில் நகப்பூச்சு நிரப்பி, காய்ந்தபின் சமன்செய்யலாம். பாலாற்று மணலில் நான் கெடுத்த ஃபோர்க்குக்கு இதைத்தான் செய்தேன், தற்காலிக வைத்தியம்தான்.

புதிது வாங்குவதானால், சக்கர அளவு, தண்டுக்குழாய் (ஃபோர்க்கிலிருந்து சட்டத்தின் கழுத்துக்குள் ஏறும் குழாய்) 28.6 மி.மீ. நேர்க்குழாயா கீழே பருத்ததா, அச்சு 9 மி.மீ.யா 15 மி.மீ.யா என்பவற்றைக் குறித்துச் செல்லுங்கள். 100 மி.மீ. அசைவுள்ள (அமுங்கும் தூரமுள்ள) ஃபோர்க் இருந்த இடத்தில் 140 மி.மீ. பொருத்த வேண்டாம், முன்பக்கம் உயர்ந்து சட்டத்தின் கழுத்து திணறும்.