கடை கேமரா ஆட்களை எண்ணுவது எதற்கு?
கடைகளில் வைக்கும் ‘வீடியோ அனலிடிக்ஸ்’ என்றால் என்ன என்பது கேள்வி. கேமராப் படத்தைக் கணினியே பார்த்து, எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கம் போனார்கள், எங்கே நின்றார்கள் என்று கணக்கெடுப்பதுதான். வாசலுக்குக் குறுக்கே படத்தில் ஒரு கற்பனைக் கோடு. அதைத் தாண்டும் ஒவ்வொரு உருவமும் ஒன்று.

சரி, எதற்கு இது? பில் புத்தகத்தில் வாங்கியவர்கள் மட்டுமே இருப்பார்கள். காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடைக்கு 100 பேர் வந்து 20 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 80 பேர் அலமாரி வரை போய்ப் பார்த்தார்களா, வாசலிலேயே திரும்பினார்களா? பார்த்துவிட்டுப் போனால் விலையையோ சரக்கையோ கவனிக்க வேண்டும். வாசலோடு போனால் முன்பக்க அடுக்கை. ஆனால் கல்யாணச் சேலை எடுக்க எட்டுப் பேர் வந்தாலும் பில் ஒன்றுதான், அதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு, முகப்போடு திரும்பியவர் எத்தனை, இரண்டாங்கட்டு வரை போனவர் எத்தனை என்று தெரியும். கேமராவும் அப்படித்தான். என்ன, வம்பு பேசாது.

ஆளை முகம் பார்த்து அடையாளம் காண்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். அது வேறு தொழில்நுட்பம், எண்ணுவதற்கு உருவம் தெரிந்தாலே போதும்.