நெற்பயிரைக் காட்டியே செடியின் பாகங்களையும் அவற்றின் வேலைகளையும் பிள்ளைக்கு விளக்க முடியுமா?

ஆறாம் வகுப்புப் பாடத்தில் செம்பருத்திப் படம்தான் இருக்கிறது, வீட்டைச் சுற்றி இருப்பதோ வயல், நெல்லை வைத்துச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லலாம். மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. ஒரு பாகத்தின் வேலை என்ன என்பது அது கெடும்போதுதான் நன்றாகத் தெரிகிறது. அந்த வழியிலேயே சொல்கிறேன்.

நட்டு ஒரு மாதமான குத்து ஒன்றைப் பிடுங்கிச் சேற்றை அலசுங்கள். நெல்லுக்கு ஆணிவேர் கிடையாது. அடிக்கணுக்களிலிருந்து சல்லிவேர்கள் கொத்தாக இறங்கும். மண்ணைப் பிடிப்பது, நீரும் சத்தும் உறிஞ்சுவது என்று பாடத்தில் இருக்கும். வேரும் சுவாசிக்க வேண்டும் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. தண்ணீர் கட்டிய சேற்றில் காற்று ஏது? நெல்லுக்குள் இலையிலிருந்து தண்டு வழியாக வேர்வரை காற்றறைகள் ஓடுகின்றன. ஆக்சிஜன் அந்த வழியாக இறங்குகிறது. கொஞ்சம் வெளியேயும் கசிந்து, சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து வேர்மேல் துருவாகப் படியும். அதனால் நல்ல வேர் வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் வேர் திணறுகிறது என்று அர்த்தம். தண்ணீரை வடித்து வயலைக் கொஞ்சம் காயவிட வேண்டும். அந்த நேரத்தில் யூரியாவை அள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான். உறிஞ்ச வேண்டிய வேரே சரியில்லையே!

அப்புறம் தண்டு. நெடுக்காகக் கீறிக் காட்டுங்கள்: கணுவில் கெட்டி, இடையில் குழல். கீழ்க்கணுக்களிலுள்ள மொட்டுகள்தான் தூர்களாக, அதாவது பக்கத் தண்டுகளாக, வெடிக்கின்றன. நாற்றை ஆழமாக ஊன்றினால் தூர் குறைவது இதனால்தான். நீரும் உணவும் தண்டு வழியாகப் போவதைக் கண்ணால் காட்ட வேண்டுமா? குருத்துப்பூச்சி விழுந்த வயலுக்குக் கூட்டிப்போங்கள். புழு தண்டுக்குள் குடைந்த தூரில் இலைகள் பச்சையாகவே இருக்கும், கதிர் மட்டும் மணி பிடிக்காமல் வெளுத்து விறைத்து நிற்கும். வெண்கதிர் என்போம். இழுத்தால் கையோடு வந்துவிடும்.

இலை உணவு தயாரிக்கிறது என்பது பையனுக்கே தெரிந்திருக்கும். எல்லா இலைக்கும் சம பங்கு இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். கதிரை ஒட்டி நிற்கும் கடைசி இலை கண்ணாடி இலை. மணி நிறைவதில் அதற்கும் அடுத்த ஓரிரு இலைகளுக்கும்தான் பெரும்பங்கு. இலைச்சுருட்டுப்புழு அதைச் சுரண்டி வெளுக்க வைத்தால் பதர் கூடும். இன்னொரு வேடிக்கை: இலை தண்டைத் தழுவும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். குதிரைவாலிப் புல்லுக்கு அது கிடையாது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் களையெடுக்கும்போது இதை வைத்துப் பிரித்துவிடலாம்.

நெல் பூப்பதையே பலர் பார்த்ததில்லை. இதழே கிடையாது. முற்பகலில் இரண்டு உமிகளும் விலகும், ஆறு மகரந்தப்பைகள் வெளியே தொங்கும், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். பெரும்பாலும் தன் மகரந்தமே தன் சூலுக்கு. வண்டுக்கு வேலை இல்லை. அந்தச் சமயம் அடைமழை பிடித்தால் கருவுறாமல் பதராகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும் பயிருக்கு இந்தப் பயம் எப்போதும் உண்டு.

பூத்த பிறகு அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள். நெல் ரகங்களில் ஆடுதுறை 43க்கு மொத்த வயது 110 நாள், சி.ஆர். 1009க்கு 155 நாளுக்கு மேல் என்றாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. கூடுதல் நாள் எல்லாம் இலையும் தூரும் வளர்க்கும் காலத்தில் போகிறது.

கடைசியாக விதை. பையன் முளைக்கவைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் அரிசியைக் கொடுக்காதீர்கள், முளைக்காது. தீட்டும்போது தவிட்டோடு கருவும் போய்விடுகிறது, மிஞ்சுவது கருவுக்கான சாப்பாடு மட்டும்தான். புழுங்கல் போட்ட நெல்லும் ஆகாது, அவித்ததில் கரு செத்திருக்கும். பக்கத்து வீட்டில் விதைநெல் ஒரு கைப்பிடி வாங்கி ஒரு நாள் ஊறவைத்து, ஈரச்சாக்கில் இன்னொரு நாள் மூட்டம் போட்டால், அதாவது மூடி வைத்தால், போதும்.