அபு சிம்பல் கோயில எப்படி நகர்த்துனாங்க? உங்க கேள்விக்கு பதில்

அபு சிம்பல்ங்கறது எகிப்துல நைல் கரையில மலையக் குடைஞ்சு செஞ்ச பழங்காலக் கோயில். அது இருக்கற நூபியாவுல (எகிப்தோட தெக்கும் சூடானோட வடக்கும் சேந்த நைல் ஆத்துப் பகுதி) யுனெஸ்கோ பண்ண வேலையப் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

கே: அண்ணா, ஒரு கோயிலுக்காகவா இத்தன நாடு சேந்துச்சு?

ப: ஒரு கோயில் இல்ல தம்பி. அஸ்வான்ல நைலுக்குக் குறுக்க பெரிய அணை வருது, எகிப்து சூடான் ரெண்டு பக்கமும் நூபியா முழுக்க தண்ணில போயிடும்னு ஆச்சு, ரெண்டு அரசாங்கமும் 1959ல யுனெஸ்கோகிட்ட உதவி கேட்டுச்சு, 1960 மார்ச்ல யுனெஸ்கோ உலகத்துக்கே கோரிக்கை வச்சு சுமார் 50 நாடு கைகொடுத்துச்சு. 1956ல சூயஸ் கால்வாய்க்காக எகிப்து மேல படையெடுத்த நாடுகள்ல பிரான்ஸும் ஒண்ணு. அதே பிரான்ஸ்தான் நூபியாவுல இருந்த இன்னொரு பழைய கோயிலான அமடா கோயில்ல சிற்பம் இருந்த பகுதிய உடைக்காம தண்டவாளத்துல ஏத்தி ரெண்டர கிலோமீட்டர் தாண்டி நகர்த்திக் குடுத்துச்சு. எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் ரொம்பப் புடிச்ச இடம் இது.

கே: சார், நான் சிவில் படிக்கிறேன். அபு சிம்பல் மாதிரி மலையக் குடைஞ்ச கோயில எப்படி எடுக்க முடியும்?

ப: அறுத்துதான். நம்ம மாமல்லபுரம் குடைவரை மாதிரி பாறையோட ஒட்டினது, அதனால மேல இருந்த மலைய முதல்ல எடுத்தாங்க, கல்லு விழுந்து சிலை முகம் சிதையக் கூடாதுன்னு முன்பக்கம் பூரா மணலக் கொட்டி மூடிட்டாங்க. வெளிய தெரியுற பக்கத்த கைரம்பத்தால அறுத்தாங்க, வெட்டோட அகலம் 6 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. 20, 30 டன் துண்டுங்கள 65 மீட்டர் மேல, 200 மீட்டர் பின்னாடி கொண்டு போய் திரும்ப அடுக்கி, கோயிலுக்கு மேல கான்கிரீட் குவிமாடம் கட்டி, அதுக்கு மேலதான் செயற்கையா மலை எழுப்பினாங்க. 1964ல ஆரம்பிச்சு 1968ல முடிஞ்சுது.

கே: இந்தியா ஏதாவது பண்ணுச்சா?

ப: பண்ணுச்சுங்க. பி.பி. லால் தலைமைல இந்தியத் தொல்லியல் துறை 1961-62ல எகிப்து பக்க நூபியாவுல அஃபியேங்கற ஊர் பக்கம் அகழாய்வு பண்ணுச்சு.

கே: அண்ணா, கோயில் சரி, அங்க இருந்த ஜனங்க?

ப: நல்லா கேட்டம்மா. எகிப்து பக்கம் மட்டும் சுமார் 50,000 நூபியர்கள அஸ்வானுக்கு வடக்க இருக்கற கோம் ஓம்போ பக்கம் குடியேத்தினாங்க, தலமுற தலமுறயா ஆத்தோரம் இருந்தவங்க, ஊரும் பேரீச்ச மரமும் தண்ணிக்குள்ள. கோயில அவ்ளோ பாத்துப் பாத்து அறுத்த கைங்க இவங்களுக்கும் அதே அக்கறைய காட்டியிருக்கணும்னு எனக்கு இன்னும் ஆத்தாமையாவே இருக்கு. அஸ்வான் போறவங்க அபு சிம்பலோட திரும்பிடாதீங்க, 1997ல திறந்த நூபியா மியூசியத்துல அவங்க வாழ்க்கையும் இருக்கு, அதையும் பாத்துட்டு வாங்க.