அப்பாவின் பாங்கோஸ் – கடிதம்

வணக்கம் ஐயா,

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா 1974இலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் பாங்கோஸ் (கையால் தட்டும் இரட்டைச் சிறு மேளம்) வாசித்தவர். மொத்தம் ஐந்து பேர். தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாண விருந்து என்று சிலாங்கூர் முழுக்கச் சுற்றியிருக்கிறார்கள். அப்புறம் குடும்பம், லாரி வேலை என்று எல்லாம் நின்றுவிட்டது. இருவர் இறந்துவிட்டார்கள். போன வருடம் ஒரு கல்யாணத்தில் மீதி மூவரும் சந்தித்து, மேசையைத் தட்டிக்கொண்டே பாடினார்கள். என் மகன் அதைக் கைப்பேசியில் எடுத்துப் போட, வாட்ஸ்அப்பில் சுற்றி, இப்போது ஒரு கோயில் கமிட்டி மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தப்போகிறதாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ கோபம்தான் வருகிறது. ஐம்பது வருடமாக எங்கே இருந்தார்கள் இவர்கள்? அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மூன்று சகோதரர்கள் வாசித்த இசை 34 வருடம் கழித்து வெளிவந்த கதையை ஓர் ஆவணப்படத்தில் பார்த்தேன். திறமை என்றைக்காவது வெளியே வந்தே தீரும் என்று மனதைத் தேற்றிக்கொள்வதா, இல்லை, இது அவமானம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுவதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரி,

அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். கோபம் உங்களுடையது, அதை அவர் தோளில் ஏற்ற வேண்டாம். அந்தத் தோளில் பொன்னாடை விழட்டும். பினாங்கில் பிறந்த மலாய் நடிகர், பாடகர் பி. ரம்லி 1973இல் இறந்தார். கோலாலம்பூரில் ஜாலான் பாரி என்ற சாலை அவர் பெயருக்கு மாறியது 1982இல், டான் ஸ்ரீ என்ற அரசுப் பட்டம் வந்தது 1990இல். உங்கள் அப்பா தன் மாலையைத் தானே கழற்றி வீட்டுக்கு எடுத்து வரப்போகிறார். அது சின்ன விஷயமில்லை.

ஆனால் ‘திறமை வெளியே வந்தே தீரும்’ என்கிறீர்களே, அதை நான் நம்பவில்லை. நீங்கள் பார்த்த கதையையே திரும்ப யோசித்துப் பாருங்கள். ஹாக்னி சகோதரர்கள் டேவிட், பாபி, டானிஸ். அவர்களின் அப்பா விபத்தில் இறந்த பிறகு, மூவரில் மூத்த டேவிட் குழுவுக்கு வைத்த பெயர் ‘டெத்’. சாவு என்று பெயர் வைத்துக்கொண்டு நம் ஊரில் எந்தக் கல்யாண வீட்டுக்குள் நுழைய முடியும்? அங்கேயும் அதுதான் சிக்கல். 1975இல் ஒலிப்பதிவு. பெரிய கம்பெனி பெயரை மாற்றச் சொன்னது, டேவிட் மாட்டேன் என்றார். ஏழு பாட்டோடு வேலை நின்றது. அடுத்த வருடம் தாங்களே 500 இசைத்தட்டு போட்டார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2000இல் டேவிட் புற்றுநோயில் இறந்தார். அதற்கு முன் மூல நாடாக்களைத் தம்பி பாபியிடம் கொடுத்து, ஒருநாள் உலகம் இதைத் தேடி வரும், பத்திரமாக வை என்று சொல்லியிருக்கிறார். ஆல்பம் வந்தது 2009இல். பிடிவாதம் பிடித்தவர் அதைக் கேட்க இல்லை. இதில் திறமை ஜெயித்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பி அந்த நாடாக்களைத் தூக்கிப் போடவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

நாடா இல்லாமலும் சில சமயம் நடக்கும். 1996இல் கியூபாவின் ஹவானாவில் ஓர் இசைப் பதிவுக்கு (பின்னாளில் ‘பியூனா விஸ்டா சோஷியல் கிளப்’ என்று பெயர் பெற்றது) மாலி நாட்டுக் கலைஞர்கள் வருவதாக இருந்தது. அவர்களால் வர முடியாமல் போக, உள்ளூர்ப் பெரியவர்களை வைத்தே பதிவை முடித்தார்கள். அதில் பாடிய இப்ராஹிம் ஃபெர்ரர் அப்போது ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பியானோ வாசித்த ரூபன் கோன்சாலெஸிடம் சொந்தப் பியானோ கிடையாது. இரண்டே வருடத்தில் நியூயார்க் கார்னகி ஹாலில் மேடை. கோன்சாலெஸ் 2003இலும் ஃபெர்ரர் 2005இலும் போய்விட்டார்கள். கூப்பிட்ட அன்று விரல் இன்னும் ஓடியது, தொண்டை திறந்தது. உங்கள் அப்பா இந்த வகை.

சரி, நம் கதைக்கு வருவோம். பினாங்குத் தமிழர்களான லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் பாடிய ஆலிகேட்ஸ் இசைக்குழு 1969இல் தொடங்கியது. பெரும்பாலும் மலாய்ப் பாட்டு. இசைத்தட்டுகள் வந்தன. அதனால்தான் லோகநாதன் 2007இல் மறைந்த பிறகும் அவர் குரல் நமக்குக் கேட்கிறது. அதே காலத்துத் தமிழ் ஆர்கெஸ்ட்ராக்களுக்கு அது வாய்க்கவில்லை. அவர்கள் வாசித்தது சினிமாப் பாட்டு. அசல் பாட்டே கடையில் கேசட்டாகக் கிடைக்கும்போது நகலை எவன் பதிவு செய்வான்?

நகலா அது? நான் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். கோயில் திடலில் லாரியின் பலகையை இறக்கினால் மேடை ரெடி. முன்வரிசை நாற்காலி தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி குடும்பத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் நாங்கள் சாக்கு விரித்துக்கொள்வோம். எம்.எஸ்.வி. பாட்டில் வயலின்கள் கூட்டமாக எழும்பும் இடத்தை ஒரே ஓர் அக்கார்டியன் சமாளிக்கும். புல்லாங்குழல் வருகிற இடத்தில் பாடகரே விசிலடிப்பார். நடுப்பாட்டில் ஜெனரேட்டர் படுத்துவிட்டால் கிட்டார், மைக் எல்லாம் ஊமை. அப்போது பாங்கோஸ்காரர் தனியாளாகத் தாளத்தை இழுத்துப் பிடிப்பார், சனம் கைதட்டிக்கொண்டே சரணத்தைப் பாடி முடிக்கும், மின்சாரம் திரும்பும்போது பாட்டு விட்ட இடத்தைத் தாண்டியிருக்கும். இந்த வாசிப்பு சென்னையில் எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது. தோட்டத்துச் சரக்கு அது.

1983இல் அப்படி ஓர் இரவை நானே பதிவு செய்தேன். மாமாவின் ரேடியோ கேசட்டில், ஒரு பக்கம் முழுக்க. அந்த வருடத் தீபாவளிக்குப் புதுப் படப் பாட்டு வேண்டியிருந்தது. காலிக் கேசட் கைவசம் இல்லை. அதன்மேலேயே பதிந்துவிட்டேன். ஐம்பது வருடமாக எங்கே இருந்தார்கள் என்று கேட்டீர்கள். நான் அங்கேதான் இருந்தேன், ரெக்கார்ட் பட்டனை அழுத்திக்கொண்டு.

அதனால் சில வேலைகள் சொல்கிறேன். வீட்டில், இறந்துபோன இருவரின் வீட்டிலும், பழைய கேசட் இருக்கிறதா என்று தேடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படியே ஓட்டாதீர்கள், நாடாவும் கெடும் மெஷினும் கெடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கேசட்டில் நாடா தெரியும் பக்கத்துக்கு எதிர் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் என்னைப் போன்றவர்கள் மேலே பதிய முடியாது. பழைய படங்களின் பின்னால் ஐந்து பேர் பெயரையும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், யார் எதை வாசித்தார் என்பதோடு. இல்லாத இருவரின் பெயரையும் மேடையில் சொல்ல வேண்டும் என்று கமிட்டியிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அறிவிப்பாளர்கள் கடைசி நிமிடத்தில் பிரமுகர்கள் பெயரைத்தான் வாசிப்பார்கள். முக்கியமாக, பொன்னாடை போர்த்திக் கீழே இறக்கிவிடாமல் இரண்டு பாட்டாவது வாசிக்க விட வேண்டும். பாங்கோஸின் தோல் தளர்ந்திருக்கும், அப்பாவை இன்றைக்கே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் குழுவில் அக்கார்டியன் இருந்ததா? வாசித்தவர் அந்த மூவரில் ஒருவரா? நிகழ்ச்சித் தேதியோடு அதையும் எழுதுங்கள். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் கோலாலம்பூருக்கு நாலு மணி நேரம்தான். ரெக்கார்டரை நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்.