ஜீப் வரும் நேரத்தில் மட்டும் முடியவில்லை என்கிறார் அம்மா

கேள்வி: எங்கள் ஊர் கம்பம். அம்மாவுக்கு 47 வயது. கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வருவார். மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். ஜீப் வரும் நேரத்தில் ‘நெஞ்சு கனக்குது, கை கால் ஓடல’ என்று படுத்துவிடுகிறார். சாயங்காலம் ஓரளவு நன்றாகப் பேசுகிறார். சாப்பாடு குறைந்துவிட்டது. கட்டப்பனையில் ஈசிஜி, ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்து, ஒன்றுமில்லை என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் பெரிய குறை எதுவும் இல்லை. அப்பா இதை நடிப்பு என்கிறார். மனநல டாக்டரிடம் போனால் ஆயுசுக்கும் மாத்திரைதான் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். என்ன செய்வது?

பதில்: தம்பி, அப்பா எதை வைத்து நடிப்பு என்கிறாரோ, அதுவே எனக்கு நோயின் அடையாளமாகத் தெரிகிறது. மனச்சோர்வு நோயில், குறிப்பாக அது கடுமையாக இருக்கும்போது, விடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். மறுபடி தூக்கம் பிடிக்காது. காலைப் பொழுதுதான் மிக மோசமாக இருக்கும். பொழுது ஏற ஏறக் கொஞ்சம் லேசாகும். உங்கள் ஊரில் ஜீப் வருவது அந்த மோசமான நேரத்தில்தான். வேலைக்குப் பயந்து படுப்பவர் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நன்றாக எழுந்திருக்க வேண்டுமே, எழுகிறாரா என்று அப்பாவையே பார்க்கச் சொல்லுங்கள்.

‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. நெஞ்சு கனம், தலைப் பாரம், உடம்பு அசதி என்றுதான் நம் ஆட்கள் வருவார்கள். ஈசிஜி சரியாக இருந்தால் இதயத்தில் கோளாறு தெரியவில்லை என்று அர்த்தம். அம்மாவுக்கு நோயே இல்லை என்றாகிவிடாது. ரத்தம் பார்த்ததாகச் சொல்கிறீர்கள், அதில் தைராய்டு இருந்ததா? இல்லையென்றால் அதையும் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும் இதே மந்தம், இதே அசதி வரும்.

குறை இல்லாத வீட்டில் ஏன் என்று கேட்கிறீர்கள். இந்த நோய்க்குக் குறை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இருந்திருந்தால் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும். மாதவிடாய் நிற்கப்போகும் வயது, தீராத உடம்பு வலி, இழப்பு, கடன் எல்லாம் அதோடு சேரும். பல பேரிடம் இதுதான் காரணம் என்று ஒன்றைப் பிரித்துக் காட்டவே முடியாது.

மாத்திரை விஷயத்தில் ஊர் பயப்படுவது பாதி சரி. தூக்கத்துக்குத் தரும் ஆல்பிரசோலம் போன்றவற்றை மாதக்கணக்கில் போட்டால் பழக்கமாகிவிடும். மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் அந்த வகை இல்லை. ஆனால் போட்ட மறுநாளே வேலை செய்யாது. முதல் வாரம் குமட்டலும் தலைவலியும்தான் தெரியும், பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் ‘ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுகிறார்கள். நன்றாகிவிட்டார், காய் எடுப்பும் தொடங்கிவிட்டது என்று நடுவில் விடுகிறவர்களும் உண்டு. முதல் தடவை வந்த நோய் என்றால், குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர்ந்து, பிறகு டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல் வரும். இப்போது போடும் தூக்க மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேரள எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கட்டப்பனைச் சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர், தேனிச் சீட்டில் இன்னொரு பெயர் இருக்கும். மருந்து ஒன்றாகவே இருக்கலாம். தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். மாத்திரை அட்டையில் சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். டாக்டரிடம் போகும்போது எல்லா அட்டைகளையும் எடுத்துப்போங்கள். அம்மா எப்போதாவது காரணமில்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, தூங்காமல் பல நாள் இருந்தாரா என்பதையும் சொல்லுங்கள். அப்படியிருந்தால் மருந்தே வேறு.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ‘உயிரோடு இருந்து என்ன என்று தோணுதாம்மா?’ என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பதில் எதுவானாலும், வீட்டில் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். ராத்திரி அவசரத்துக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டலாம். அப்பாவையும் கூட்டிப்போங்கள், நீங்கள் சொல்லிக் கேட்காதவர் டாக்டர் சொன்னால் கேட்பார். மாத்திரையோடு, மனம்விட்டுப் பேசவைத்துத் தரும் ஆலோசனை சிகிச்சையும் கிடைத்தால் நல்லது. அதுவரை ‘தைரியமா இரு’ என்று சொல்வதை விட்டுவிட்டு, வெயில் ஏறியதும் தெருமுனை வரை கூடவே நடந்துவாருங்கள். தோட்ட வேலையை அவசரப்படுத்த வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் திரும்பட்டும், பிறகு முதலில் வாரம் இரண்டு நாள் போகட்டும்.